சர்க்காடியன்: அந்தச் 'சுமார்' எங்கே போனது?

தூக்கம், விழிப்பு போல உடலில் நாள்தோறும் திரும்பத் திரும்ப வரும் சுழற்சிக்கு ஆங்கிலத்தில் 'சர்க்காடியன் ரிதம்' என்று பெயர். அதைத் தமிழில் 'தினசரிச் சுழற்சி' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. மூலச் சொல்லின் உயிரான பகுதியே அதில் விடுபட்டுப்போகிறது.

1959-இல் 'சர்க்காடியன்' என்ற சொல்லை உருவாக்கியவர் ஆய்வாளர் ஃபிரான்ஸ் ஹால்பெர்க். லத்தீனில் 'சர்க்கா' என்றால் ஏறக்குறைய, 'டியெஸ்' என்றால் நாள். ஆக, சுமார் ஒரு நாள். ஏன் சுமார்?

நம் வயல் வரப்பில் வளை தோண்டும் சுண்டெலியைப் பாருங்கள். அணில் பகலாடி, இது இரவாடி. ஓடுசக்கரம் உள்ள கூண்டில் விட்டு, இரவும் பகலும் இருட்டிலேயே வைத்தாலும் அது நாள்தோறும் எழுந்து ஓடும். ஆனால் நேரம் நழுவும். இன்று ஏழு மணிக்குத் தொடங்கினால் நாளை ஆறே முக்கால், மறுநாள் ஆறரை என்று போய், சில வாரங்களில் உச்சிப்பொழுதில் ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே ஓடும் கடிகாரம் சரியாக 24 மணி நேரம் இல்லை, அதை ஒட்டியது. விலங்குக்கு விலங்கு கொஞ்சம் கூடும், குறையும்.

அதைத் தினமும் திருத்திவைப்பது ஒளி. முன்னிரவில் சிறிது நேரம் வெளிச்சம் காட்டினால் எலி மறுநாள் தாமதமாக எழுகிறது. பின்னிரவில் காட்டினால் முன்னதாகவே எழுகிறது. அதே வெளிச்சத்தைப் பகலில் காட்டினால் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. ஒரே விளக்கு, பொழுதைப் பொறுத்து வேறு வேலை! மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் உயிரியலாளர் எம். கே. சந்திரசேகரனும் அவர் மாணவர்களும் நம் வயல் சுண்டெலிகளை வைத்தே இதை ஆராய்ந்தார்கள் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'உயிர்க்கடிகாரம்' நல்ல சொல்தான், ஆனால் அது கருவியின் பெயர், சுழற்சியின் பெயர் அல்ல. "பத்து மணியை ஒட்டி வந்துருவேன்" என்று நாம் சொல்வதில் அந்தச் 'சுமார்' அப்படியே இருக்கிறது. அதனால் 'நாளொட்டிய சுழற்சி' என்பேன்.

அப்புறம், இதனோடு சேர்ந்தே வரும் ஜெர்மன் சொல் 'சைட்கேபர்', நேரம் தருவது. உள்கடிகாரத்தைத் திருத்திவைக்கும் வெளிக்குறிப்புக்கு அந்தப் பெயர். ஜெர்மன் உயிரியலாளர் யூர்கன் அஷோஃப் தந்தது. இதை 'ஒளிக்குறி' என்று எழுதிவிடச் சிலருக்குத் தோன்றும். மதுரைப் பக்கத்துக் குகை ஒன்றில் சந்திரசேகரன் குழுவினர் செய்த ஆய்வு அதை மறுக்கிறது. வெளிச்சமே எட்டாத ஆழத்தில் இலைமூக்கு வௌவால்களைக் கூண்டில் அடைத்துவைத்தார்கள். குகையின் மற்ற வௌவால்கள் அந்தியில் வெளியேறி, விடியலில் திரும்பின. அந்தப் போக்குவரத்தை ஒட்டியே கூண்டு வௌவால்களும் நேரம் பிசகாமல் விழித்தன. வேறு வௌவால் இல்லாத இருட்டில் வைத்தபோது அவற்றின் நேரமும் நழுவத் தொடங்கியது. அங்கே பொழுதைச் சொன்னது வெளிச்சம் அல்ல, கூட்டம். அதனால் 'பொழுதுணர்த்தி' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.