‘பணியாளர் கலாச்சாரம்’ எதற்கு, ‘பணிவழக்கம்’ இருக்கையில்?

தலைமையாசிரியர்களுக்கான பயிற்சிக் கட்டகங்களில் அடிக்கடி கண்ணில் படும் ஒரு தலைப்பு: ‘நேர்மறை பணியாளர் கலாச்சாரத்தைக் கட்டியெழுப்புதல்’. ஒரு பயிற்சியில் கருத்தாளர் இதைத் திரையில் போட்டதும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த தலைமையாசிரியை மெல்லக் கேட்டார்: “இது கலைத்திருவிழா பத்தியா சார், இல்லை சேலை சுடிதார் விஷயமா?” அவர் கேலி செய்யவில்லை. பள்ளியில் கலாச்சாரம் என்றால் இந்த இரண்டும்தான் முதலில் நினைவுக்கு வரும். கட்டகம் சொல்ல வந்ததோ வேறு. ஒரு பள்ளியில் வேலை பார்ப்பவர்கள் ஒருவரோடொருவர் எப்படிப் பழகுகிறார்கள், அங்கே எது இயல்பாக நடக்கும், எதைச் செய்ய யாருக்கும் மனம் வராது என்பதைப் பற்றியது அது.

கலாச்சாரம் என்று இங்கே மொழிபெயர்த்திருப்பது ‘கல்ச்சர்’ என்ற ஆங்கிலச் சொல்லை. அதன் வேர் லத்தீனில் உழுது பயிரிடுவதைக் குறிக்கும் வினை. ரோமானியப் பேச்சாளர் சிசரோ அதை உள்ளத்தைப் பண்படுத்துவதற்கு ஆண்டார். 1871இல் மானிடவியலாளர் எட்வர்ட் டைலர் ஒரு சமூகத்தின் மொத்த வாழ்முறைக்கும் அதைப் பெயராக்கினார். 1951இல் உளவியலாளர் எலியட் ஜாக்ஸ் ஓர் ஆங்கிலேயத் தொழிற்சாலையைப் பற்றி எழுதும்போது அதை வேலையிடத்துக்குக் கொண்டுவந்தார். அவர் தந்த விளக்கம் நமக்கு முக்கியம்: ஓரிடத்தில் வழக்கமாகிப்போன நினைப்பும் செயலும், புதிதாக வருபவர் கற்றுக்கொண்டு ஓரளவாவது ஏற்றாக வேண்டியவை. பள்ளி நிர்வாகப் பாடங்களில் இந்தச் சொல் பெரும்பாலும் இந்தப் பொருளில்தான் வருகிறது.

தமிழில் முதலில் கலாசாரம் என்றார்கள். பிறகு ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் 1937இல் பண்பாடு என்ற சொல்லை ஆண்டதாகத் தமிழறிஞர் வையாபுரிப் பிள்ளை குறித்திருக்கிறார். அருமையான ஆக்கம். ‘பண்பெனப்படுவது பாடறிந்து ஒழுகுதல்’ என்ற கலித்தொகை அடியின் மணம் அதில் உண்டு.

அதனால்தான் அதை இங்கே போடக்கூடாது என்கிறேன். கலாச்சாரம் வடசொல், ஆகவே ‘பணியாளர் பண்பாடு’ என்று திருத்திவிட்டால் போதும் என்று தனித்தமிழ் நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். சொல் தூய்மையாகிறது, பொருள் மேலும் கெடுகிறது. தமிழில் பண்பாடு என்பது நல்லதை மட்டுமே குறிக்கும். ‘பண்பாடு இல்லாதவன்’ என்பது வசவு. கல்ச்சர் அப்படியில்லை, நல்லதும் இருக்கும், கெட்டதும் இருக்கும். கெட்ட கல்ச்சரைப் பற்றி எழுத நேர்ந்தால் ‘நச்சுப் பண்பாடு’ என்று எழுதவேண்டி வருகிறது, பண்பாடு எப்படி நஞ்சாகும்? அப்புறம், இருபது வருடம் பாடம் நடத்திய ஒருவரிடம் போய் “உங்கள் பள்ளியில் பணியாளர் பண்பாட்டை மேம்படுத்த வேண்டும்” என்றால் அவர் காதில் என்ன விழும்? உனக்குப் பண்பு போதாது என்றுதான் விழும். எந்தச் சீர்திருத்தத்தைப் பேச வந்தோமோ அதற்கு முதல் வரியிலேயே கதவு சாத்தப்பட்டுவிடும். திருமணமும் திருவிழாவும் சங்கப் பாட்டும் தாங்கி நிற்கும் ஒரு சொல்லை, யார் எத்தனை மணிக்குக் கையெழுத்துப் போடுகிறார் என்பது வரை இழுப்பது அந்தச் சொல்லுக்கும் நல்லதில்லை.

‘பணிச்சூழல்’ இதைவிடப் பரவாயில்லை, ஆனால் அது வேறொன்றின் பெயர். 1960களில் கல்வி ஆய்வாளர்கள் ஹால்பினும் கிராஃப்டும் அமெரிக்கப் பள்ளிகளில் அளந்த ‘கிளைமேட்’ அதுதான்: இப்போது இங்கே வேலை செய்பவர்களுக்கு எப்படித் தோன்றுகிறது என்பது. தலைமையாசிரியர் மாறுதலில் போனால் சூழல் ஒரே வாரத்தில் மாறலாம். அவர் போன பின்னும் மாறாமல் நிற்கிறதே, அதற்குத்தான் பெயர் தேடுகிறோம்.

அதற்குப் பெயர் வழக்கம். ஆசிரியர் ஓய்வறையில் எல்லாரும் சொல்வதுதான்: “இங்க அப்படி வழக்கமில்லை சார்.” வழங்கு என்ற வினைக்கு இயங்குதல், நடைபெறுதல், கொடுத்தல் என்ற பொருள்கள் உண்டு. பலரிடையே நடந்து நடந்து, ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு வருவது வழக்கம். ஜாக்ஸ் சொன்னதில் இதற்கு மேல் என்ன இருக்கிறது? வெறும் பழக்கம் என்று பொருள் குறுகிவிடுமே என்பார்கள். பழக்கம் ஒருவருடையது, வழக்கம் ஊருடையது. அந்த வேறுபாடு தெரிந்துதான் பழக்கவழக்கம் என்று சேர்த்துச் சொல்கிறோம். வேலையைச் சுட்டப் ‘பணி’யைச் சேர்த்தால் பணிவழக்கம்.

தலைமைக்கும் இதற்கும் உள்ள உறவும் தமிழில் முன்பே சொல்லப்பட்டிருக்கிறது. ‘வழக்கெனப் படுவது உயர்ந்தோர் மேற்றே’ என்கிறது தொல்காப்பிய மரபியல். உலக நடப்பு அவர்களைக் கொண்டே அமைவதுதான் காரணம் என்று அடுத்த அடி சொல்லும். அந்த நூற்பா பேசுவது மொழி வழக்கை, ஆனால் பள்ளியிலும் அப்படித்தான் நடக்கிறது. ஓர் ஆசிரியர் தற்செயல் விடுப்பு எடுக்கிறார். அவருடைய வகுப்புகளுக்கு மாற்றுப் பாட ஏற்பாடு எழுத வேண்டும். ஒரு பள்ளியில் அந்த நோட்டு நேராகப் புதிதாகச் சேர்ந்தவரின் மேசைக்குப் போகும். ஆறாம் பாடவேளை வரை அவருக்கு மூச்சுவிட நேரமிருக்காது, யாரும் கேட்கவும் மாட்டார்கள். இன்னொரு பள்ளியில் தலைமையாசிரியர் முதல் வரியில் தன் பெயரை எழுதிவிட்டு நோட்டை அனுப்புவார். மீதிக் கட்டங்களை மூத்தவர்களே நிரப்பிவிடுவார்கள். எமிஸ் என்ற கல்வித்துறை இணையத் தளத்தில் தகவல் பதிவேற்றுவதும் அப்படித்தான், ஒருவர் தலையில் விழும் பள்ளியும் உண்டு, பகிர்ந்து முடிக்கும் பள்ளியும் உண்டு. தாமதமாக வந்தவரைத் தனியே கூப்பிட்டுக் கேட்பதா, காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பிள்ளைகள் முன் கேட்பதா, எடுத்த எடுப்பில் 17பி என்று, அதாவது கடும் ஒழுங்கு நடவடிக்கை விதியைக் காட்டிப் பேசுவதா என்பதும் இதில் சேரும். இவை எந்த அரசாணையிலும் இல்லை. எல்லாம் பணிவழக்கம்.

இனி மற்ற சொற்கள். நேர்மறை என்பதில் ‘மறை’ மறுத்தலைக் குறிக்கும். எதிர்மறைக்கு இலக்கணம் வைத்த இணை உடன்பாடு. எதிர்மறையைப் பார்த்து ஒட்டுப்போட்ட சொல்தான் நேர்மறை. உடன்பாடு இன்று ஒப்பந்தமாகிவிட்டதால் அதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை, ‘நல்ல’ என்ற சொல் இருக்கிறது. மேலும் ‘நேர்மறை பணியாளர் கலாச்சாரம்’ என்பதில் நேர்மறை பணியாளருக்கா கலாச்சாரத்துக்கா? ஒற்று விட்டதை விடுங்கள், அடை எதற்கு என்றே மொழிபெயர்த்தவர் பார்க்கவில்லை. கட்டியெழுப்புவது சுவரை. வழக்கத்தைக் கொண்டுவருவோம். இத்தகைய கட்டகங்களில் வரும் தலைமைத்துவம் என்ற சொல்லில் ‘மை’ ஏற்கெனவே செய்த வேலையை ‘த்துவம்’ மறுபடி செய்கிறது. இலங்கையில் அது நெடுநாளாக வேரூன்றிய சொல், அவர்களை மாற்றிக்கொள்ளச் சொல்லும் உரிமை எனக்கில்லை. இங்கே புதிதாக இறக்க வேண்டாம், தலைமை போதும்.

பணியாளர் என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ‘ஆசிரியர்’ என்று சுருக்கினால் அலுவலக உதவியாளர், தூய்மைப் பணியாளர், இரவுக் காவலர், சத்துணவு சமையலர் எல்லாரும் வெளியே போய்விடுவார்கள். தலைப்பு இப்படி இருக்கலாம்: ‘பள்ளிப் பணியாளரிடையே நல்ல பணிவழக்கங்களைக் கொண்டுவருதல்’. கட்டகம் எழுதுபவர்கள் அச்சுக்குக் கொடுக்கும் முன் ஆங்கில மூலத்தை மூடி வைத்துவிட்டு, தமிழை மட்டும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்க்கட்டும்.