யோசெமிட்டி மலைக்காட்டில் இரவு தங்கப் போகிறீர்களா? முதலில் பெர்மிட்டைச் சரியாகப் படியுங்கள்

கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில், பள்ளத்தாக்கில் காரை நிறுத்தி, எண் போட்ட இடத்தில் கூடாரம் அடித்துத் தங்குவது ஒரு வகை. தோளில் பையைச் சுமந்து மலைக்குள் நடந்து, அங்கேயே படுத்து எழுவது வேறு வகை. இரண்டுக்கும் விதிகளே வேறு. பூங்காவின் பரப்பில் ஏறக்குறைய 95 சதவீதம் 1984 முதல் சட்டப்படி 'வைல்டர்னஸ்', அதாவது இயற்கையாகவே விட்டுவைக்கப்பட்ட காட்டுப்பகுதி. அங்கே ஓர் இரவு தங்கினாலும், கோடையோ குளிரோ, பெர்மிட் இல்லாமல் முடியாது. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதித் தமிழ் நண்பர்கள் குழுவாகக் கிளம்பும்போது வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை மலையில் பிறப்பவை அல்ல. பெர்மிட்டை அறை முன்பதிவு மாதிரி நினைப்பதில்தான் தொடங்குகின்றன.

அந்தத் தாளில் தங்கும் இடத்தின் எண் இருக்காது. எந்த டிரெயில்ஹெட் (நடைபாதை தொடங்கும் இடம்) வழியாக, எந்தத் தேதியில் உள்ளே நுழைகிறீர்கள் என்பதுதான் முக்கியம். ஒவ்வொரு டிரெயில்ஹெட்டுக்கும் நாளொன்றுக்கு இத்தனை பேர் என்று கோட்டா உண்டு. பாதை தொடங்கும் இடத்திலேயே எண்ணிக்கையைக் கட்டுப்படுத்திவிட்டால், உள்ளே போனபின் ஆட்கள் தாமாகப் பரவிவிடுவார்கள் என்பது கணக்கு. அதனால் முதல் இரவுக்குப் பிறகு எங்கே தங்குவது என்பதில் உங்களுக்கு நிறையச் சுதந்திரம் உண்டு. ஆனால் நுழையும் பாதையையும் நாளையும் உங்கள் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. வாஷிங்டன் மாநிலத்தின் மவுண்ட் ரெய்னியரில் நடைமுறை வேறு: அங்கே ஒவ்வோர் இரவும் எந்த முகாமில் என்று முன்கூட்டியே குறிக்க வேண்டும். ஒரு பூங்காவில் பழகிய பழக்கத்தை இன்னொன்றுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

ஒரே இடத்திலிருந்து கிளம்பும் பாதைகளுக்கும் தனித்தனிப் பெர்மிட் உண்டு என்பதைக் கவனியுங்கள். ஹாப்பி ஐல்ஸிலிருந்து லிட்டில் யோசெமிட்டி வேலிக்கு என்று ஒன்று. அதைத் தாண்டிப் போக என்று மற்றொன்று. முதலாவதை வாங்கியவர் முதல் இரவு லிட்டில் யோசெமிட்டியில் தங்க வேண்டும். இரண்டாவதை வாங்கியவர் அங்கே நிற்காமல் சுமையோடு மேலே ஏறியாக வேண்டும். பட்டியலில் காலியாகத் தெரிகிறதே என்று இரண்டாவதை எடுத்துவிட்டு, முதல் நாளே தாங்காமல் பாதியில் உட்காருவது வழக்கமாக நடக்கிறது. ஜான் மியூர் என்ற நெடுந்தூரப் பாதையில் தெற்கு நோக்கிப் போகிறவர்களுக்கு டோனஹ்யூ கணவாயில் இன்னொரு பூட்டு: நாளொன்றுக்கு 45 பேர்தான் அதைக் கடந்து வெளியேறலாம்.

கோடைக் காலத்துக்கான கோட்டாவில் 60 சதவீதம் 24 வாரங்களுக்கு முன்பே ரெக்ரியேஷன்.கவ் (Recreation.gov) என்ற அரசு முன்பதிவுத் தளத்தில் லாட்டரிக்கு வருகிறது. ஆகஸ்ட் முதல் தேதி நடக்க ஆசைப்பட்டால் பிப்ரவரி நடுவிலேயே விண்ணப்பிக்க வேண்டும். மீதி 40 சதவீதம் பயணத்துக்கு 7 நாள் முன்பு காலை 7 மணிக்குத் திறக்கும். பெயர்பெற்ற பாதைகள் உடனே தீர்ந்துவிடும். ஆகவே மூன்று நான்கு டிரெயில்ஹெட்களை வரைபடம் பார்த்து முன்னதாகவே முடிவு செய்துகொண்டு உட்காருங்கள். திரையைப் பார்த்துக்கொண்டே பாதை தேடினால் கிடைக்காது. குழுத் தலைவர் வர முடியாமல் போனால் பெர்மிட்டை வாங்க மாற்று ஆள் பெயரையும் விண்ணப்பத்திலேயே சேர்த்துவிடுங்கள். ஹாஃப் டோம் என்ற பாறைச் சிகரத்தில் ஏற நினைத்தால் அந்த அனுமதியை இதோடு சேர்த்தே கேட்க வேண்டும். அதன் உச்சிக்குப் போகும் கம்பிவடங்களில் ஏற நாளொன்றுக்கு 300 பேருக்கு மட்டுமே இடம். அதில் 75 பேர்தான் இப்படி இரவு தங்கி வருகிறவர்கள்.

முன்பதிவு கிடைத்துவிட்டாலும் பெர்மிட் உங்கள் கைக்கு வந்துவிட்டதாக அர்த்தமில்லை. நுழையும் நாளன்றோ அதற்கு முந்தைய நாளோ பூங்காவின் பெர்மிட் அலுவலகத்துக்கு நேரில் போய், ரேஞ்சர் சொல்லும் விதிகளைக் கேட்டு, கையெழுத்திட்டு வாங்க வேண்டும். நுழையும் நாள் காலை 10 மணி வரைதான் வைத்திருப்பார்கள். சனிக்கிழமை விடியற்காலை கிளம்பி, வழியில் காபிக்கு நின்று, பூங்கா வாசல் வரிசையில் மாட்டி, பத்தரைக்குப் போய் நிற்கும் குழு மாதக்கணக்கில் காத்திருந்து கிடைத்ததை இழக்கிறது. வெள்ளிக்கிழமையே போய்விடுவது நல்லது. பெர்மிட் உள்ளவர்கள் பயணத்துக்கு முந்தைய இரவும் முடித்த இரவும் தங்க பேக்பேக்கர் முகாம்கள் உண்டு. அதற்குத் தனி முன்பதிவு தேவையில்லை.

இனி கரடி. யோசெமிட்டி வைல்டர்னஸ் முழுவதும் கரடிப் பெட்டி கட்டாயம். கேனிஸ்டர் என்று கேட்டால் பெர்மிட் அலுவலகத்திலேயே வாடகைக்குத் தருவார்கள். உணவை மரத்தில் கட்டித் தொங்கவிடுவது இங்கே விதிமீறல். அங்குள்ள கருங்கரடிகள் கயிற்றின் சூட்சுமத்தை எப்போதோ கற்றுவிட்டன. கரடி தடுக்கும் துணிப்பைகளுக்கும் அனுமதியில்லை. யெல்லோஸ்டோன் பூங்காவில் கையில் வைத்திருக்கச் சொல்லும், கரடியை விரட்டும் ஸ்பிரேயை யோசெமிட்டிக்குள் கொண்டுவரவே கூடாது. ஒருமுறை மனிதச் சோற்றின் ருசி கண்ட கரடி திரும்பத் திரும்ப வரும், துணிச்சல் கூடும், கடைசியில் அதைக் கொல்ல வேண்டிய நிலை வரும். பெட்டியைச் சரியாக மூடாததற்கு விலை கொடுப்பது அந்த விலங்குதான்.

பெட்டிக்குள் போக வேண்டியது உணவு மட்டுமல்ல. பற்பசை, சன்ஸ்கிரீன், லிப் பாம், சோப்பு, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், குப்பை என மணமுள்ள எல்லாமே போக வேண்டும். ஊறுகாய்ப் பாட்டிலும் புளிக்காய்ச்சலும் கசிந்தால் பை முழுக்க மணக்கும், அவற்றை இரண்டு உறையில் கட்டுங்கள். பெட்டியின் கொள்ளளவு சுமார் 10 முதல் 11.5 லிட்டர். முறுக்கும் மிக்ஸரும் பாதிப் பெட்டியைக் காற்றால் நிரப்பிவிடும். கடலை உருண்டையும் பொரிவிளங்காய் உருண்டையும் அதே இடத்தில் பலமடங்கு சக்தி தரும். இரவில் பெட்டியைக் கூடாரத்துக்குள் வைக்காமல் தள்ளிச் சமதரையில் வையுங்கள். பாறை விளிம்பிலோ ஓடைக் கரையிலோ வைத்தால் கரடி ஒரு தட்டுத் தட்டினாலே உருண்டு போய்விடும். காரில் மிச்சமிருக்கும் தின்பண்டத்தையும் டிரெயில்ஹெட்டில் உள்ள இரும்பு அலமாரியில் வைத்துவிட்டே நடக்க வேண்டும். குழந்தை இருக்கைக்கு அடியில் கிடக்கும் பிஸ்கட் துணுக்குகளைக்கூட விடாதீர்கள், கார் கதவை வளைத்துத் திறக்கும் வலு கரடிக்கு உண்டு.

சமையலில் ஓர் எச்சரிக்கை. 10,000 அடி உயரத்தில் தண்ணீர் சுமார் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். துவரம் பருப்பு வேக வெகுநேரம் ஆகும், கேஸ்தான் தீரும். அவல், வறுத்த ரவை, உடனடிச் சேவை, வெந்நீர் ஊற்றினால் ஊறிவிடும் பொடிகள், இவையே சரி. விறகு மூட்டுவது 9,600 அடிக்கு மேல் தடை. அதற்குக் கீழேயும் ஏற்கெனவே உள்ள கல் வளையத்தில் மட்டும்தான். காட்டுத்தீக் கட்டுப்பாடு அமலில் இருந்தால் அதுவும் கிடையாது. அப்போது திருகி அணைக்கும் வால்வுள்ள கேஸ் அடுப்பு மட்டுமே உதவும். குடிநீரைக் கொதிக்கவைப்பதென்றால் இந்த உயரத்தில் மூன்று நிமிடம் தளதளவென்று கொதிக்க வேண்டும்.

கூடாரம் போடும் இடத்தைத் தேர்வதில்தான் முதல் நாள் திட்டம் தடுமாறுகிறது. யோசெமிட்டி பள்ளத்தாக்கு, டுவாலமி மெடோஸ், வவோனா, கிளேஷியர் பாயிண்ட், ஹெட்ச் ஹெட்சி ஆகிய இடங்களிலிருந்து பாதைத் தூரத்தில் குறைந்தது 4 மைல் போனபின்தான் தங்கலாம். எந்தச் சாலையிலிருந்தும் நேர்க்கோட்டில் ஒரு மைல் தள்ளியிருக்க வேண்டும். மதியம் மூன்று மணிக்கு நடக்கத் தொடங்கும் புதியவர்கள், ஏற்றத்தில் சுமையோடு மணிக்கு ஒன்றரை மைல்தான் போவார்கள் என்று கணக்கு வைத்தால், இருட்டுவதற்குள் இடம் தேடுவது நெருக்கடியாகிவிடும். டுவாலமி ஏற்கெனவே 8,600 அடி. கடல் மட்டத்திலிருந்து ஒரே நாளில் வந்தவர்களுக்குத் தலைவலியும் குமட்டலும் வரலாம். அவை கூடிக்கொண்டே போனால் மேலே ஏறாமல் கீழே இறங்கிவிட வேண்டும்.

தண்ணீரிலிருந்தும் பாதையிலிருந்தும் 100 அடி தள்ளி, ஏற்கெனவே ஆட்கள் தங்கிய மணல்தரையோ பாறைத்தரையோ பாருங்கள். புல்வெளி மெத்தென்றிருக்கும். ஆனால் இந்த உயரத்தில் வளர்காலம் சில வாரங்கள்தான், நசுங்கிய புல் எழ வருடங்கள் ஆகும். மலம் கழிக்கவும் அதே 100 அடிக் கணக்குதான், 6 அங்குல ஆழக் குழி தோண்டி மூட வேண்டும். டாய்லெட் பேப்பரைப் புதைக்காமல் உறையிலிட்டுத் திரும்பக் கொண்டுவர வேண்டும். நாப்கினும் அப்படியே. நம்மவர்கள் தண்ணீரால் கழுவுவது இங்கே வசதிதான், குப்பை மிச்சம். ஆனால் ஓடைக்கரையில் உட்காரக் கூடாது. பாட்டிலில் நீர் மொண்டு தள்ளிப் போக வேண்டும். 'மண்ணில் மக்கும்' என்று அச்சிட்ட சோப்பாக இருந்தாலும் ஓடையிலோ ஏரியிலோ படக் கூடாது.

முதல்முறை போகிறவர்கள் ஜூலை பின்பாதியிலிருந்து செப்டம்பர் வரை தேதி பாருங்கள். டுவாலமிக்குப் போகும் டயோகா சாலை பல ஆண்டுகளில் மே கடைசியிலோ ஜூனிலோதான் திறக்கிறது. ஜூனில் உருகும் பனியால் ஓடைகள் மார்பளவுக்கு ஏறும். மதியத்தைவிடக் காலையில் அவற்றில் நீர் குறைவு. 24 வாரம் முன்பு லாட்டரியில் பெயர் போடும்போது அந்த ஆண்டின் பனி எவ்வளவு என்று எவருக்கும் தெரியாது.

குழுவில் ஓரிருவர் வரவில்லையென்றாலோ பயணமே நின்றுபோனாலோ முன்பதிவைத் தளத்தில் போய் ரத்து செய்துவிடுங்கள். விண்ணப்பக் கட்டணம் திரும்ப வராதுதான். ஆனால் ரத்தான இடம் மறுபடி பட்டியலுக்குப் போகும், காத்திருக்கும் இன்னொருவருக்குக் கிடைக்கும்.