அழற்சி தணிப்புக் களி: ஒரு சொல் விளக்கம்

"எகிறு வீங்கிக்கிச்சு, பல் தேய்ச்சா ரத்தம் வருது, ஜெல் ஏதாவது குடுங்கண்ணா." காசிமேட்டிலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் மெடிக்கல் கடைகளில் இப்படித்தான் கேட்பார்கள். எகிறு என்பது ஈறு. கடைக்காரர் தரும் டியூபில் 'ஆன்டி-இன்ஃப்ளமேட்டரி ஜெல்' என்றிருக்கும். இதை 'அழற்சி எதிர்ப்புக் கூழ்மம்' என்று எழுதுவோர் உண்டு. அதில் அழற்சி சரி. மற்ற இரண்டையும் மாற்ற வேண்டும் என்பது என் கருத்து.

இன்ஃப்ளமேஷன் என்ற சொல்லுக்குள் லத்தீன் 'ஃப்ளம்மா' இருக்கிறது, அதாவது தீச்சுடர். நம் அழற்சியிலும் அழல், அதாவது தீ. சிவப்பு, வீக்கம், சூடு, வலி என இதன் நான்கு குறிகளையும் ரோமானியரான செல்சஸ் முதல் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். ஆனால் ஈறு நோயில் வலி பெரும்பாலும் தெரியாது. பல் ஆடும்வரை பலர் மருத்துவரிடம் போகாததற்கு அதுவே காரணம். புகை பிடிப்பவருக்கு ரத்தக்கசிவுகூடக் குறைந்து, நோய் இன்னும் மறைந்துகொள்ளும்.

ஜெல் என்பது ஜெலட்டினின் சுருக்கம். மூலமான லத்தீன் சொல்லுக்கு உறைதல் என்று பொருள். பாடநூல்களில் கூழ்மம் என்பது கொலாய்டைக் குறிக்கிறது, அதாவது ஒரு பொருளின் நுண்துகள்கள் இன்னொன்றில் பரவி நிற்கும் கலவை. பாலும் மூடுபனியும்கூடக் கூழ்மம்தான், ஆகவே அது இங்கே பொருந்தாது. ஆடி மாதம் அம்மன் கோயிலில் வார்க்கிற கூழ் ஓடும், களியோ வைத்த இடத்தில் நிற்கும். ஈறு மருந்துக்கு வேண்டியதும் அப்படி நிற்பதுதான். கொப்பளிக்கும் மருந்தைத் துப்பிவிடுகிறோம், களி ஈறின் மேல் கொஞ்ச நேரம் தங்கும். அதனால் களி என்றே சொல்லலாம். சோற்றுக் கற்றாழையின் வழவழப்பான உட்பகுதியைச் சோறு என்று நம்மவர்கள் எப்போதோ பெயரிட்டுவிட்டார்கள், அதுவும் இயற்கையான ஜெல்தான்.

அப்புறம் 'எதிர்ப்பு'. ஈறு அழற்சிக்குக் காரணம் பல்லில் படியும் கிருமிப் படலம். அது இறுகிக் காரையாகிவிட்டால் பிரஷ்ஷால் போகாது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும். மஞ்சளிலிருந்து எடுக்கும் குர்குமின், கற்றாழை ஆகியவை கலந்த களிகளைச் சுத்தம் செய்த பிறகு துணையாக வைத்துப் பார்த்த சிறு ஆய்வுகள் பல உண்டு. சிலவற்றில் ரத்தக்கசிவும் வீக்கமும் கூடுதலாகக் குறைந்தன. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள பள்ளம் 4 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ ஆழமாகியிருந்தால், மருத்துவரே முனை மழுங்கிய ஊசியால் களியை உள்ளே இடுவதும் உண்டு. எப்படி இட்டாலும் காரையை இது கரைக்காது, நோயால் கரைந்துபோன, பல்லைத் தாங்கும் எலும்பை மீட்டும் தராது. எனவே தணிப்பு என்பதே நேர்மையான சொல்: அழற்சி தணிப்புக் களி.

வடசென்னைக்காரர்களுக்கு அரசு பல் மருத்துவமனை தூரமில்லை. பீச் ஸ்டேஷனிலிருந்து அடுத்த நிறுத்தமான கோட்டை ஸ்டேஷன் பக்கத்தில்தான் இருக்கிறது. முதலில் அங்கே போய்க் காரையை எடுத்துவிடுங்கள். களி வேண்டுமா என்பதை அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.