கலர் சோர்ட்டரும் கொழும்பு ஏலமும்

இலங்கை மலைநாட்டில் தேயிலைத் தொழிற்சாலையை ஸ்டோர் என்றுதான் சொல்வோம். வசதியுள்ள ஸ்டோர்களில் இப்போது கலர் சோர்ட்டர் ஓடுகிறது. காய்ந்த தேயிலை மேலிருந்து மெல்லிய திரைபோல விழ, கேமரா ஒவ்வொரு துணுக்கையும் பார்க்கிறது. கறுத்த இலை நேரே கீழே போகும். செம்பழுப்பாகத் தெரியும் காம்பையும் நாரையும் காற்று சட்டென்று வேறு பக்கம் ஊதிவிடும். பெண்கள் மணிக்கணக்காகக் குனிந்திருந்து கையால் பொறுக்கிய வேலை இது. அவர்களுக்கு வேறு வேலை கொடுத்த பிறகே மெஷினை இறக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பத்து கிலோ பிரித்தாலும் பத்தாயிரம் கிலோ பிரித்தாலும் மெஷினின் விலை ஒன்றுதான். ஆகவே நிறைய விற்பவருக்கே அது கட்டுப்படியாகும். இலங்கைத் தேயிலையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கடல் கடக்கிறது. உள்ளூரை மட்டும் நம்பி இந்தக் காசைப் போட முடியாது. காம்பு கலந்த தேயிலைக்கோ ஏலத்தில் நல்ல விலை கிடைக்காது.

சரி, மெஷினா, வெளிநாட்டுச் சந்தையா, எது முந்தி? லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர், 1872இல் கொழுந்தை உருட்டும் இயந்திரம் செய்தார். மறுவருடம் 23 இறாத்தல் லண்டனுக்குப் போனது. மெஷின் முந்தியதுபோலத்தான் தெரியும். ஆனால் வெளியில் வாங்க ஆள் இருக்கும் என்ற நம்பிக்கை இல்லாமல் யார் மெஷினில் இறங்குவார்? அர்ஜென்டினாவில் இதை அளந்தே பார்த்தார்கள். 1990களில் பிரேசில் அர்ஜென்டினாப் பொருள்கள் மீதான இறக்குமதி வரியைக் குறைத்தபோது, வரி அதிகம் குறைந்த துறைகளில்தான் அர்ஜென்டினா நிறுவனங்கள் தொழில்நுட்பச் செலவை வேகமாகக் கூட்டின.

ஏற்றுமதி கற்றும் கொடுக்கும். எகிப்தின் ஃபூவா ஊரில் ஆய்வாளர்கள் குலுக்கல் முறையில் சில கம்பள நெசவாளர்களுக்கு மட்டும் வெளிநாட்டு ஆர்டர் கிடைக்கச் செய்தார்கள். அப்புறம் எல்லோரையும் ஒரே வகைத் தறியில், ஒரே நூலில், ஒரே கம்பளத்தை நெய்யச் சொன்னார்கள். ஆர்டர் கிடைத்தவர்களின் கம்பளமே தரத்தில் மேலாக இருந்தது. வெளிநாட்டு ஆர்டருக்கு நெய்த பழக்கம் கையில் ஏறியிருந்தது.

நமக்கு அந்தப் பாடம் கொழும்பு ஏலத்தின் வழியாக வருகிறது. நம் தேயிலையைச் சுவைத்துப் பார்த்து ஏலத்தில் விற்றுக் கொடுக்கும் புரோக்கரிடமிருந்து "புகை வாடை" என்று குறிப்பு வந்தால், ஸ்டோரில் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் முதலில் போய்ப் பார்ப்பது தேயிலையை உலர்த்தும் ட்ரையரின் அடுப்பைத்தான்.

ஆனால் சந்தை எப்போதும் புது மெஷினையே கேட்பதில்லை. 1930களில் அசாமில் பிறந்த சிடிசி இயந்திரம் கொழுந்தை நசுக்கிக் கிழித்துச் சுருட்டிச் சிறு மணியாக்கும். வேலை வேகம், டீ பேக்குக்கும் தோது. ஈராக், துருக்கி, ரஷ்யா போன்ற இடங்களில் நம் தேயிலையை வாங்குபவர்கள் முறுக்கிய இலையைத்தான் கேட்கிறார்கள். அதனால் நம் ஸ்டோர்களில் பெரும்பாலானவற்றில் இன்றும் பழைய உருட்டு ரோலர்தான் சுற்றுகிறது.