ஆட்டோபைலட் பார்த்துக்கொள்ளாது, தம்பி

விமானிகளுக்கு நான் பயிற்சி கொடுக்கும் சிமுலேட்டரில் போன வாரம் ஒரு பையன். சின்ன விமானத்தில் இருநூறு மணி நேரம் பறந்துவிட்டு ஜெட்டுக்கு வந்திருக்கிறான். கை சுத்தமான கை, குறை சொல்ல முடியாது. ஓடுபாதைக்கு இன்னும் 8 கடல் மைல். வேகம் 210 நாட், அதாவது மணிக்கு 210 கடல் மைல். உயரமோ இருக்க வேண்டியதைவிட ஆயிரம் அடி அதிகம். "என்னப்பா செய்யப் போகிறாய்?" என்று கேட்டேன்.

"ஆட்டோபைலட் போட்டிருக்கிறேன் சார், அது பிடித்துவிடும்."

இந்த மாதத்தில் இந்தப் பதிலைக் கேட்பது மூன்றாவது முறை. மூன்றும் வேறு வேறு ஆட்கள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பெரிய விமானம் தானாகவே பறக்கும், விமானி சும்மா பொத்தானை அழுத்திவிட்டு உட்கார்ந்திருப்பார் என்று வெளியே இருப்பவர்கள் சொன்னால் சிரித்துவிட்டுப் போகலாம். காக்பிட்டுக்குள் வர இருப்பவனே அதை நம்பினால் என்ன செய்வது? ஜெட் புறப்படும்போது ஓட்டுவது மனிதக் கை. தரையிறக்கங்களில் பெரும்பாலானவையும் மனிதக் கையால்தான். தானியங்கித் தரையிறக்கம் இருக்கிறது, உண்மைதான். அது முக்கியமாகப் பனிமூட்டத்துக்கு. அதற்கு ஓடுபாதையில் உரிய கருவி வேண்டும், காற்றுக்கு வரம்பு உண்டு, இரண்டு விமானிகளும் வழக்கத்தைவிட விழிப்பாக இருக்க வேண்டும்.

ஆட்டோபைலட் ஒரு கீழ்ப்படிதலுள்ள முட்டாள். தவறான உயரத்தைக் கொடுத்தால் தவறான உயரத்துக்குத் துல்லியமாகப் போய் நிற்கும். "சீக்கிரம் இறங்கு, வேகத்தையும் குறை" என்று இரண்டையும் ஒன்றாகக் கேட்டால், மூக்கைத் தாழ்த்தும், வேகம் ஏறும். அதன்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. நீ கேட்டதை எந்த விமானத்தாலும் செய்ய முடியாது. அப்புறம், ஆட்டோபைலட்டுக்குக் கட்டளை கொடுக்கத் திருகிய குமிழைப் பார்த்துத் திருப்திப்படுகிற பழக்கத்தை இன்றோடு விடு. திரையின் உச்சியில் எந்த நிலை எழுதியிருக்கிறதோ அதைத்தான் விமானம் செய்யும். அதைப் படி, வாய்விட்டுச் சொல்.

2013 ஜூலை 6, சான் ஃபிரான்சிஸ்கோ. தெளிவான பகல். தென்கொரியாவின் ஏசியானா நிறுவனத்து விமானம் 214, போயிங் 777. ஓட்டியவர் கத்துக்குட்டி இல்லை. 9,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர், அந்த விமானத்துக்கு மட்டும் புதியவர். வேகத்தை ஆட்டோத்ராட்டில், அதாவது எஞ்சின் விசையைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் கருவி, பார்த்துக்கொள்ளும் என்று நினைத்திருந்தார். அதுவோ 'ஹோல்டு' நிலையில் இருந்தது. எஞ்சின் விசைக்கான த்ராட்டில் லீவரை வைத்த இடத்திலேயே விட்டுவிட்டுக் கைகட்டி நிற்கிற நிலை அது. 137 நாட்டில் இருக்க வேண்டிய வேகம் 103 வரை விழுந்தது. விமானம் ஓடுபாதைக்கு முன்னால் இருந்த கடல் தடுப்புச் சுவரில் மோதியது. 307 பேரில் 3 பேர் இறந்தார்கள். காக்பிட்டில் அப்போது மூன்று விமானிகள் இருந்தார்கள் என்பதை நான் ஒவ்வொரு வகுப்பிலும் சொல்கிறேன்.

சரி, சின்ன விமானத்தில் கற்றது எங்கே காலை வாரும்? செஸ்னா 172 ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேல், இறங்கும்போது 65 நாட் சுமார். ஏர்பஸ் ஏ320 அறுபது டன்னோடு 135 நாட்டில் வரும். கணக்குப் போட்டால் தரையைத் தொடும்போது அது சுமக்கிற ஆற்றல் செஸ்னாவைப் போல் இருநூறு மடங்குக்கு மேல். செஸ்னாவில் த்ராட்டிலை மூடினால் முன்னால் சுழலும் புரொப்பெல்லரே பிரேக் மாதிரி இழுக்கும், வேகம் சட்டென்று கரையும். ஜெட்டில் மூடினாலும் வழுக்கிக்கொண்டே போகும். சமதளத்தில் பறக்கும்போது 10 நாட் குறைக்கவே ஒரு கடல் மைல் ஆகும்.

மறுபக்கம் இன்னும் மோசம். செஸ்னாவில் த்ராட்டிலைத் தள்ளினால் அந்த நொடியே உந்துவிசை வரும், புரொப்பெல்லர் காற்று இறக்கைமேல் அடித்துத் தூக்கும். ஜெட் எஞ்சின் ஐடிலில் இருந்து, அதாவது மிகக் குறைந்த விசையில் இருந்து, மேலே வர நேரம் கேட்கும். சான்றளிப்பு விதியே எட்டு நொடி கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கிறது. நிமிடத்துக்கு 700 அடி இறங்கிக்கொண்டிருந்தால் எட்டு நொடியில் தொண்ணூறு அடி போய்விடும். நூறு அடியில் கண் விழித்தால் என்ன மிச்சம்?

அதனால் முன்கூட்டியே யோசி. 36,000 அடியில் இருந்து எவ்வளவு தூரத்துக்கு முன்னால் இறங்கத் தொடங்க வேண்டும்? ஆயிரங்களை மூன்றால் பெருக்கு: 108 கடல் மைல். வேகம் குறைக்க இன்னும் கொஞ்சம் சேர். கம்ப்யூட்டர் இந்தக் கணக்கைப் போட்டுத் தரும்தான், ஆனாலும் மனதில் போடு. பின்காற்று அடித்தால் மறுபடி போடு. இறங்கும் வீதம் தரைவேகத்தின் ஐந்து மடங்கு. 140 நாட்டுக்கு நிமிடத்துக்கு 700 அடி. 1,200 காட்டினால் ஏதோ கெட்டுப்போயிருக்கிறது. மேகத்துக்குள் வந்தால் 1,000 அடியில், தெளிவான வானிலையில் 500 அடியில், வேகம், ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் மடிப்பு), சக்கரம், பாதை எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும். "கிட்டத்தட்ட" என்பதெல்லாம் கிடையாது. இல்லையென்றால் கோ-அரவுண்ட்: இறங்காமல் மேலே ஏறி, சுற்றி மறுபடி வா. வாதம் வேண்டாம்.

பூப்போல இறக்கும் ஆசையையும் மூட்டைகட்டு. பயிற்சி விமானத்தில் அது அழகு. இங்கே ஓடுபாதைக்கு மேல் மிதக்கிற ஒவ்வொரு நொடியும் இருநூறு அடிக்கு மேல் ஓடுபாதையைத் தின்கிறது. ஈரமான ஓடுபாதையில் அந்த அடிகள் வேண்டியிருக்கும்.

தனியாகப் பறந்து பழகியவர்களிடம் ஒரு வேண்டுகோள். பக்கத்து இருக்கையில் இருப்பவர் வேடிக்கை பார்க்க வரவில்லை. எல்லாவற்றையும் நீங்களே பிடுங்கிச் செய்யாதீர்கள், கேளுங்கள். நீங்கள் கண்காணிக்கும் முறை வரும்போது, ஓட்டுகிற கேப்டன் உங்கள் அப்பா வயதுக்காரராக இருந்தாலும் "ஸ்பீட்" என்று சொல்லுங்கள். திருத்தவில்லையா, "கோ-அரவுண்ட்" என்று சொல்லுங்கள். தயங்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். கோ-அரவுண்ட் சொன்னதற்காக இதுவரை யாரையும் நான் ஃபெயில் செய்ததில்லை. சொல்லாததற்குச் செய்திருக்கிறேன்.

அந்தப் பையனை அன்றைக்கு அப்படியே போகவிட்டேன். ஆயிரம் அடியில் திரையைப் பார்த்தான், ஒரு நொடி விழித்தான், பிறகு "கோ-அரவுண்ட்" என்றான். இரண்டாம் முறை சக்கரத்தை முன்னதாகவே இறக்கிவிட்டு, வேகத்தைக் குறைத்துக்கொண்டு வந்தான். குறியிட்ட இடத்தில் 'தட்'டென்று விழுந்தது விமானம். "சாரி சார், கொஞ்சம் பலமாகிவிட்டது" என்று முகத்தைச் சுருக்கினான்.

அறிக்கையில் 'நல்ல தரையிறக்கம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.