எஞ்சு மின்னோட்டத் துண்டிப்பான்

ஆர்.சி.சி.பி. (ரெசிடுவல் கரண்ட் சர்க்யூட் பிரேக்கர்) என்று கடையில் கேட்டு வாங்கும் கருவியை வயரிங் வேலை செய்பவர்கள் பலர் இன்றும் ஈ.எல்.சி.பி. என்றே சொல்கிறார்கள். இலங்கையில் அது ட்ரிப் சுவிட்ச். தமிழக மின்வாரியத்தின் பாதுகாப்பு அறிவுரைகளில் ‘மின்கசிவு தடுப்பான்’. கடைசிப் பெயர் நன்கு பரவியிருந்தாலும், கருவி செய்யாத வேலையை அதன்மேல் ஏற்றிச் சொல்கிறது. இக்கருவி கசிவைத் தடுப்பதில்லை; கசிந்த பிறகு கண்டறிந்து இணைப்பைத் துண்டிக்கிறது.

ஆங்கிலப் பெயரிலுள்ள ‘ரெசிடுவல்’ என்பது, பின்தங்கி நிற்பது என்னும் பொருள்கொண்ட லத்தீன் வேரிலிருந்து வந்தது. கழித்தபின் மிஞ்சுவதைச் சொல்ல நம்மிடம் ‘எஞ்சு’ என்ற வினை உண்டு. பெயரெச்சம், வினையெச்சம் என்று இலக்கணத்தில் படிக்கும் எச்சமும் அதன்வழி வந்ததே. இங்கே எஞ்சுவது எது? பேஸில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்புவதும் ஒரே உலோக வளையத்தின் ஊடாக எதிரெதிராகச் செல்கின்றன; இரண்டும் சமமாக இருக்கும்வரை அவற்றின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன. போனதில் ஒரு பங்கு ஆள்வழியாகவோ ஈரச்சுவர் வழியாகவோ தரைக்கு இறங்கிவிட்டால் கணக்கில் மிச்சம் விழுகிறது. அந்த மிச்சம் 30 மில்லியாம்பியரை எட்டினால் 0.3 நொடிக்குள் இணைப்பு அற வேண்டும் என்பது வீடுகளுக்குப் பொருத்தும் கருவியின் அளவுகோல். ஆகவே ‘எஞ்சு மின்னோட்டத் துண்டிப்பான்’ என்பதே பொருந்தும் பெயர் என்பது என் முடிவு. பேச்சுக்கு நீளமென்றால் ‘கசிவுத் துண்டிப்பான்’ என்று சொல்லலாம்.

பொருள் தெளிந்தால், எந்தச் சுற்றுக்கு இது வேண்டும் என்பதும் தெளியும். அச்சுற்றில் மின்சாரம் ஒருவர் உடல்வழியாகத் தரைக்குப் போக இடமுண்டா என்று பார்க்க வேண்டும். கீசர், வாஷிங் மெஷின், மிக்ஸியும் அயர்ன் பாக்ஸும் செருகும் பிளக்குகள், மொட்டைமாடி பிளக், மோட்டார் ஆகியவை ஐயத்துக்கு இடமின்றி முதலில் வரும். எங்கள் வீட்டில் மாவரைத்துக்கொண்டிருந்தபோது, வெறுங்காலோடு ஈரத்தரையில் நின்றபடி கிரைண்டரைத் தொட்ட என் விரல்களில் சுருக்கென்று ஏறியது. பிளக்கில் எர்த் கம்பி கழன்றிருந்தது, அந்தச் சுற்றுக்கு எம்.சி.பி. மட்டுமே இருந்தது. அளவுக்கு மீறிய மின்னோட்டத்துக்கு மட்டும் விழும், அதாவது இணைப்பை அறுக்கும், எம்.சி.பி.க்கு, ஓர் உயிரைப் பறிக்கப் போதுமான சில பத்து மில்லியாம்பியர்கள் தெரியவே தெரியாது. ஃபிரிட்ஜுக்கு, எம்.சி.பி.யின் வேலையையும் கசிவுத் துண்டிப்பானின் வேலையையும் சேர்த்துச் செய்யும் ஆர்.சி.பி.ஓ. ஒன்றைத் தனியாகப் போடுவது நல்லது. வேறொரு சுற்றில் கசிவு நேர்ந்தால் ஃபிரிட்ஜ் அணையாது. இன்வெர்ட்டர் சுற்றின் நியூட்ரலை மற்றச் சுற்றுகளின் நியூட்ரலோடு கலந்துவிட்டால் கசிவே இல்லாமலும் மிச்சம் தோன்றி கருவி அடிக்கடி விழும். அப்போது கம்பியைப் பிரித்துச் சீர்செய்ய வேண்டுமே அன்றி, கருவியைக் கழற்றி நேரடியாக இணைத்துவிடக் கூடாது.

ஒருவர் மரப்பலகைமேல் நின்று ஒரு கையால் பேஸையும் மறுகையால் நியூட்ரலையும் தொட்டால், போனது முழுவதும் அவர் உடல்வழியாகவே திரும்பிவிடுகிறது; எஞ்சுவது ஏதுமில்லாததால் துண்டிப்பானும் விழாது.