வைரஸ்: விஷத்தின் பங்காளி

மன்னார்குடிக்குத் தெற்கே மாமா குத்தகைக்கு எடுத்திருந்த குளத்தில் ஒரு விடியற்காலை, ஜிலேபிக் கெண்டைகள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. கரையில் கூடியவர்கள் வாயில் ஒரே பேச்சு: "எவனோ மருந்து கலந்துவிட்டான்." யார் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஏலத்தில் தோற்றவர் வீட்டுப் பக்கம் மட்டும் பார்த்தார்கள். மாமா மண்வெட்டியை எடுத்துப்போய் வடிமடையைத் திறந்துவிட்டார். விஷத் தண்ணீர் வடிந்தால் மிச்ச மீனாவது பிழைக்கும் என்பது அவர் கணக்கு.

பதினோரு மணிக்கு வந்த மீன்வளத் துறை அலுவலர் ஒரு மீனை எடுத்துச் செவுளைத் தூக்கிப் பார்த்தார். அதன் கண்ணில் பால் படர்ந்திருந்தது. செதில் உதிர்ந்த இடங்களில் தோல் சிவந்திருந்தது. "வைரஸாக இருக்கலாம், மாதிரி அனுப்பிப் பார்க்க வேண்டும்" என்றார்.

"வைரஸ் என்றால் விஷம்தானே சார்?" என்றார் மாமா. அலுவலர் சிரித்துவிட்டார்.

சிரித்திருக்க வேண்டியதில்லை. சொல்லின் பிறப்பை வைத்துப் பார்த்தால் மாமா சொன்னது சரிதான். இலத்தீனில் இந்தச் சொல்லுக்கு நஞ்சு, பிசுபிசுப்பான சாறு என்று பொருள். வடமொழி 'விஷ'வும் கிரேக்க 'இயோஸ்' என்பதும் இதே வேரில் கிளைத்தவை. விஷம் தமிழுக்கு வந்து 'விடம்' ஆகி ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகிறது. தேவாரத்திலேயே சிவபெருமான் விடமுண்டவர். அதன் பங்காளியான வைரஸ் ஆங்கிலத்தின் வழியாக நேற்று வந்து இறங்கியது. (பகைவனைக் குறிக்கும் 'வைரி'யோடு இதற்கு உறவு கொண்டாட வேண்டாம். ஒலி ஒத்துப்போகிறது, அவ்வளவுதான்.)

நஞ்சைக் குறித்த சொல் நோய்க்கிருமிக்குப் பெயரானது புகையிலையால். நோயுற்ற இலையின் சாற்றைப் பாக்டீரியாவும் நுழைய முடியாத வடிகட்டியில் வடித்த பிறகும் அது நோயைத் தந்தது. 1892இல் ரஷ்யாவின் இவனோவ்ஸ்கி இதைக் கண்டார். 1898இல் நெதர்லாந்தின் பெய்யெரிங்க் ஒரு படி மேலே போனார். அந்தச் சாற்றை ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்கு, அதிலிருந்து மற்றொன்றுக்கு என்று மாற்றிக்கொண்டே போனாலும் வீரியம் குறையவில்லை. நஞ்சாக இருந்தால் நீர்த்துப் போயிருக்க வேண்டும். இது உயிருள்ள செடிக்குள் பெருகுகிறது என்று கண்டுகொண்டவர், பெயரை மட்டும் பழைய இலத்தீன் நஞ்சாகவே விட்டுவிட்டார். அதே 1898இல்தான் விலங்கு நோய் ஒன்றும் இந்த வகையைச் சேர்ந்தது என்று ஜெர்மனியில் நிறுவினார்கள். அது வேறொன்றுமில்லை, நம் மாட்டுக் கொட்டகைகளுக்கு நன்றாகத் தெரிந்த கோமாரி.

தமிழில் இதற்கு நச்சுயிரி, நச்சுநுண்மம், தீநுண்மி என்று பல பெயர்கள் புழங்குகின்றன. 'நச்சுயிரி' அழகான சொல். எனக்கு அதனோடு சண்டை இல்லை. ஆனால் டெல்டாவின் குளக்கரையில் அது ஆபத்தான சொல். இங்கே 'நஞ்சை' என்று ஒருவர் சொன்னால் நன்செய் வயல் என்று எல்லோருக்கும் புரியும். செத்த மீனுக்குப் பக்கத்தில் நின்று 'நச்சு' என்றால் பூச்சிமருந்து டப்பாவைத்தான் தேடுவார்கள். போதாக்குறைக்கு, வைரஸை உயிரி என்று சொல்லலாமா என்ற வழக்கே இன்னும் முடியவில்லை. 'தீநுண்மி' இரண்டு வம்பிலும் மாட்டாது. தீயது, மிக நுண்ணியது, அவ்வளவுதான் அது சொல்கிறது. என் ஓட்டு அதற்கே. அது வாயில் வராதவர்கள் வைரஸ் என்றே சொல்லட்டும், குற்றமில்லை.

பரவுவதைச் சொல்லவோ பழைய தமிழில் இதைவிட நல்ல சொல் ஒன்று உண்டு: ஒட்டுவாரொட்டி. தொட்டவரைத் தொற்றிக்கொள்ளும் நோய் என்று பொருள். வட அமெரிக்காவின் பேரேரிகளில் 2005 வாக்கில் நடந்தது அதுதான். மீனின் உள்ளுறுப்புகளில் இரத்தம் கசியவைக்கும் ஒரு தீநுண்மி அங்கே புகுந்து, மீன்களைக் கூட்டம் கூட்டமாகச் சாகடித்தது. நோயுற்ற மீனின் சிறுநீரில் கலந்து அது தண்ணீருக்கு வருகிறது. தூண்டில் இரை மீன், படகுக்குள் தேங்கிய நீர், உயிர்மீன் லாரி எல்லாமே அதற்கு வாகனம். 2006இல் அமெரிக்க அரசு அந்த ஏரிகளின் உயிர்மீன் போக்குவரத்துக்கே கட்டுப்பாடு விதித்தது. அது மனிதரைத் தொற்றாது. பதினைந்து டிகிரிக்குக் கீழான குளிர்நீரில்தான் கொட்டம் அடிக்கும். நம் வெண்ணாறு அவ்வளவு குளிர்வதில்லை.

ஆனால் ஜிலேபிக்கென்றே ஒன்று இருக்கிறது. இஸ்ரேலின் கலிலேயா ஏரியில் மீன்பாடு சரிந்ததை ஆராயப்போய் 2014இல் அடையாளம் கண்டார்கள். திலாப்பியா ஏரி வைரஸ் என்று பெயர். வெதுவெதுப்பான நீரே அதற்கு உகந்தது, இந்தியாவிலும் பதிவாகியிருக்கிறது. ஜிலேபியே 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மீன். திலாப்பியா என்ற பெயரை நம் ஊர் நாக்கு பலகாரக் கடைக்குத் திருப்பிவிட்டது.

அலுவலர் மாமாவுக்கு இவ்வளவும் சொல்லவில்லை. "விஷமென்றால் தண்ணீர் சேரச்சேர வீரியம் குறையும். இது மீனுக்குள் போய்ப் பெருகும். போகிற வழியெல்லாம் சீக்கு" என்றார். அந்தக் கடைசிச் சொல்தான் மாமாவுக்கு உறைத்தது. சட்டென்று வடிமடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். மண்வெட்டியோடு அவர் ஓடிச் சேர்வதற்குள் இரண்டு ஜிலேபிகள் வாய்க்கால் தண்ணீரில் மல்லாந்தபடியே கீழ்க்குளத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன.